இணைய பேக்கேமனில் பகடை ஒழுங்காக விழுகிறதா? நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

இரண்டு பகடையை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டமான பேக்கேமனை இணையத்தில் ஆடத் தொடங்கும் எவருக்கும் முதல் பத்து ஆட்டத்துக்குள் ஒரு சந்தேகம் வந்துவிடும். நமக்கு ஓர் இரட்டைகூட (இரண்டு பகடையிலும் ஒரே எண்) விழாத ஆட்டத்தில் எதிராளிக்கு ஆறு-ஆறு இரண்டு தரம் விழும். வெட்டுப்பட்ட காய் நடுப்பட்டையில் கிடக்க, நாம் மூன்று முறை உருட்டியும் உள்ளே நுழைய வழியிருக்காது. அவருக்கோ எந்த எண் வேண்டுமோ அதுவே வரும். கணினிதானே போடுகிறது, பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள் என்று தோன்றும். 1992-ல் ஃபிப்ஸ் என்ற முதல் இணைய பேக்கேமன் சேவையகம் வந்த நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு யார் சொல்லையும் நம்பத் தேவையில்லை. ஒரு விரிதாளும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆனால் பெரும்பாலோர் தவறான சோதனையைச் செய்கிறார்கள். ஆறு எத்தனை விழுந்தது, ஒன்று எத்தனை விழுந்தது என்று எண்ணிவிட்டு, சரியாக இருக்கிறது என்று திருப்தியடைகிறார்கள். அல்லது ஐம்பது உருட்டலைப் பார்த்துவிட்டு மோசடி என்கிறார்கள். இரண்டுமே விடையாகாது.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

“பகடை நியாயமா?” என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. ஆறு முகங்களும் சம அளவில் விழுகின்றனவா என்பது முதலாவது. அடுத்து விழப்போவதை யாராவது முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்பது இரண்டாவது. பலகையில் காய் இருக்கும் நிலையைப் பார்த்து, அல்லது ஆடுபவர் யார் என்று பார்த்து, பகடை விழுகிறதா என்பது மூன்றாவது.

புகார் சொல்பவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது. அவர்கள் செய்யும் சோதனையோ முதலாவதற்கானது. முகங்களைச் சம அளவில் விழவைத்துக்கொண்டே, நல்ல உருட்டலை ஒருவருக்குத் தேவையான நேரத்தில் மட்டும் தருவது ஒரு நிரலுக்கு முடியாத காரியமில்லை. எண்ணிக்கையில் அது பிடிபடாது. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது; பின்னால் வருகிறது.

எவ்வளவு விழ வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சந்தேகத்தில் பாதி, எது இயல்பு என்று தெரியாததால் வருவது. இரண்டு பகடைக்கு மொத்தம் 36 சேர்க்கைகள். அவற்றில் 6 இரட்டைகள், அதாவது ஆறில் ஒன்று. குறிப்பிட்ட ஓர் எண் இரண்டு பகடையில் ஏதாவது ஒன்றிலாவது வர 36-ல் 11 வாய்ப்பு.

வெட்டுப்பட்ட காய் எதிராளியின் வீட்டுக்குள், அதாவது அது திரும்ப நுழைய வேண்டிய ஆறு கட்டங்களுக்குள், நுழைய முடியாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிட எளிய வழி உண்டு. அவர் இரண்டோ அதற்கு மேலோ காய்களை நிறுத்தி மூடி வைத்திருக்கும் கட்டங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி 36-ஆல் வகுங்கள். இரண்டு கட்டம் மூடியிருந்தால் 36-ல் 4, அதாவது ஒன்பதில் ஒரு தரம் வெளியே நிற்பீர்கள். மூன்று என்றால் 36-ல் 9, நான்கு என்றால் 16, ஐந்து என்றால் 25. இரண்டே கட்டம்தானே மூடியிருக்கிறது, எப்படியும் நுழைந்துவிடலாம் என்று நினைத்தவருக்கு அந்த ஒன்பதில் ஒன்று அநியாயமாகத் தெரியும்.

அடுத்தது, தனிக்காயை எவ்வளவு தூரத்தில் விட்டீர்கள் என்பது. எதிராளியின் காயிலிருந்து ஆறு கட்டம் தள்ளி ஒரு காயைத் தனியே விட்டால், அதை அவர் வெட்ட 17 வழிகள் இருக்கின்றன. ஒரு பகடையிலாவது ஆறு வருபவை 11, ஐந்து-ஒன்று 2, நான்கு-இரண்டு 2, மூன்று-மூன்று 1, இரண்டு-இரண்டு 1. இடையில் தடை இல்லையென்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதே காயை ஒரு கட்டம் தள்ளி ஏழாவது தூரத்தில் வைத்திருந்தால் ஆறு-ஒன்று, ஐந்து-இரண்டு, நான்கு-மூன்று ஆகிய மூன்று சேர்க்கைகள் மட்டும், 36-ல் 6. ஒரே ஒரு கட்ட வித்தியாசத்தில் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. நன்றாக ஆடுபவர் இதை ஒவ்வொரு நகர்விலும் பார்க்கிறார். தனக்கு இருபது, இருபத்தைந்து நல்ல உருட்டல் இருக்கும்படி காய்களைப் பரப்பிவிட்டு, உங்களுக்கு ஐந்தாறு மட்டும் மிச்சம் வைக்கிறார். அவருக்கு “வேண்டியது வேண்டியபடி” விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கணினி எதிராளி இதில் மனிதரைவிடக் கெட்டி, அதனால்தான் அதன் மேல் புகார் அதிகம்.

தொடர்ச்சியாக விழுவதைப் பற்றியும் ஒரு கணக்கு. ஓர் ஆட்டத்தில் ஒருவர் ஏறத்தாழ 25 முறை உருட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டம் ஆடினால், எதிராளிக்கு மூன்று இரட்டை அடுத்தடுத்து விழும் சம்பவத்தை எட்டொன்பது முறை பார்ப்பீர்கள். நான்கு இரட்டை தொடர்ந்து விழுவதையும் ஒரு முறையாவது பார்க்க நேரலாம். அதேபோல 25 உருட்டலில் ஓர் இரட்டைகூட விழாமல் போக 100-ல் 1 வாய்ப்பு. நேரில் பலகை விரித்து ஆடுபவர் 100 ஆட்டத்தை எட்ட மாதக்கணக்காகும். இணையத்தில் அது இரண்டு வார வேலை. அபூர்வம் என்று நினைப்பதெல்லாம் சீக்கிரம் வந்து சேர்ந்துவிடுகிறது.

கையால் உருட்டும் பகடைதான் உண்மையான பகடை என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். துருக்கியில் தவ்லா, கிரேக்கத்தில் தாவ்லி என்று தேநீர்க் கடைகளில் ஆடப் பயன்படும் சின்னப் பகடைகளில் புள்ளிகள் குழி வெட்டியவை; ஆறு குழி உள்ள பக்கம் ஒரு குழி உள்ள பக்கத்தைவிட இம்மியளவு எடை குறைந்தது. அதனால்தான் போட்டிகளில், குழியை அதே அடர்த்தி உள்ள சாயத்தால் நிரப்பிச் சமப்படுத்திய துல்லியப் பகடைகளை வைக்கிறார்கள். தாயக்கட்டையைத் தரையில் உருட்டிப் பழகியவர்களுக்கு, ஒரு கட்டை ஒரு பக்கமே சாய்ந்து விழும் விஷயம் புதிதாக இருக்காது.

கணினி எப்படி உருட்டுகிறது

மென்பொருளில் ஒரு விதை எண்ணைப் போட்டால், அதிலிருந்து ஒரு சூத்திரம் நீண்ட எண் வரிசையை உருவாக்கும். பரவலாகப் பயன்படுவது மெர்சென் ட்விஸ்டர். ஜப்பானைச் சேர்ந்த மகோட்டோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 1997-ல் உருவாக்கியது. இதன் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்க 2-இன் 19,937-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்கள் வர வேண்டும். முகங்கள் சமமாக விழ வேண்டும் என்ற முதல் கேள்விக்கு இது தாராளமாகப் போதும்.

பிழை நுழையும் இடம் வேறு. சூத்திரம் தரும் பெரிய எண்ணை 1 முதல் 6-க்குள் சுருக்க வேண்டுமல்லவா, அங்கேதான். 0 முதல் 255 வரை ஓர் எண் வருகிறது என்று வையுங்கள். அதை ஆறால் வகுத்து மீதியோடு ஒன்றைக் கூட்டினால் பகடை எண் கிடைத்துவிடும் என்று புதிய நிரலர் எழுதுவார். ஆனால் 256-ஐ ஆறால் வகுத்தால் நான்கு மீதி நிற்கிறது. அதனால் 1, 2, 3, 4 ஆகியவற்றுக்கு 43 வழிகளும், 5, 6 இரண்டுக்கும் 42 வழிகளும் அமைகின்றன. 16.67 விழுக்காடு வர வேண்டிய இடத்தில் முதல் நான்கும் 16.80, கடைசி இரண்டும் 16.41. சரியான முறை, 252-ம் அதற்கு மேலும் வந்தால் அந்த எண்ணை எறிந்துவிட்டு வேறொன்று எடுப்பது. நானூறு கோடிக்கு மேல் பெரிய எண்ணை எடுத்து வகுத்தாலும் இந்தச் சாய்வு யாராலும் அளக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

இரண்டாவது கேள்வியான முன்கூட்டி அறிவது விதை எண்ணைப் பொறுத்தது. 1999-ல் ஓர் இணையப் போக்கர் தளத்தின் சீட்டுக் கலைப்பை மென்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் சிலர் உடைத்துக் காட்டினார்கள். அந்த நிரல் விதையாக எடுத்துக்கொண்டது, நள்ளிரவு முதல் ஓடிய மில்லி நொடிகளின் எண்ணிக்கையை. ஒரு நாளில் மில்லி நொடிகள் 8 கோடியே 64 லட்சம்தான். சேவையகத்தின் கடிகாரத்தோடு தங்கள் கணினியின் கடிகாரத்தை ஒத்துவைத்ததும் சாத்தியங்கள் சுமார் 2 லட்சமாகச் சுருங்கின. கையில் உள்ள இரண்டு சீட்டும் மேசையில் திறந்த மூன்று சீட்டும் தெரிந்தால் போதும், மற்றவர் கையில் இருப்பது வெளிச்சம். சீட்டுகள் பார்வைக்குச் சமமாகத்தான் கலைந்திருந்தன.

மெர்சென் ட்விஸ்டரிலும் இதே பலவீனம் உண்டு. தொடர்ந்து 624 முழு எண்களைப் பார்த்தவர் அடுத்து வருவதையெல்லாம் சொல்லிவிடலாம். பகடையில் முழு எண் வெளியே தெரியாததால் அது அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் பணம் வைத்து ஆடும் இடத்தில் மறைகுறியாக்கத் தரமுள்ள, அதாவது வந்த எண்களை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாத, எண் உருவாக்கி இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தளத்தின் உதவிப் பக்கத்தில் இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: பகடை சேவையகத்தில் உருட்டப்படுகிறதா, உங்கள் கைபேசியிலா, எண் எங்கிருந்து வருகிறது. உங்கள் கைபேசிச் செயலியே உருட்டி அனுப்புவதாக இருந்தால், எதிராளியின் கைபேசியும் அப்படித்தான். அந்தச் செயலியைத் திருத்தியவர் வேண்டியதை விழவைக்கலாம்.

ஆட்டங்களைச் சேகரிக்கும் விதம்

எண்ணத் தொடங்கும் முன்பே எத்தனை உருட்டல் சேர்ப்பது, எதைச் சோதிப்பது என்று எழுதி வைத்துவிடுங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். பாதியில் எட்டிப் பார்த்து, எண்ணிக்கை நமக்குப் பிடித்த மாதிரி இருக்கும்போது நிறுத்தினால் எந்தப் பகடையையும் குற்றவாளி ஆக்கிவிடலாம். உங்களுக்குச் சந்தேகம் தந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது வினோதமாக இருந்ததால்தான் சோதனைக்கே வந்தீர்கள். அதையே ஆதாரமாக்குவது நியாயமில்லை. நாளை ஆடப்போகும் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

பல தளங்கள் ஆட்டத்தைக் கோப்பாக இறக்கிக்கொள்ள விடும். “மேட்” (.mat) என்ற நீட்சி கொண்ட உரைக்கோப்பு பொதுவானது. அதில் ஒரு வரி “31: 8/5 6/5” என்பது போல இருக்கும்; மூன்றும் ஒன்றும் விழுந்தன, எட்டிலிருந்து ஒரு காயும் ஆறிலிருந்து ஒரு காயும் ஐந்துக்குப் போயின என்று பொருள். முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ள இரண்டு இலக்கத்தையும் விரிதாளில் இரண்டு நெடுவரிசையாகப் பிரித்துப் போடுங்கள். யார் உருட்டியது என்பதற்கு மூன்றாவது நெடுவரிசை. கோப்பு தராத தளமென்றால், கையால் எழுதி 1,000 உருட்டல் சேர்ப்பது கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு தளத்துக்கு மாறலாம்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, தொடக்க உருட்டல். பேக்கேமனில் ஆளுக்கொரு பகடை உருட்டி, பெரிய எண் வந்தவர் அந்த இரண்டையும் வைத்துத் தொடங்குகிறார். இரண்டும் ஒன்றாக வந்தால் மறுபடி உருட்ட வேண்டும். ஆகவே தொடக்கத்தில் இரட்டை வரவே வராது. அந்த வரிகளை நீக்காமல் எண்ணினால் இரட்டை குறைவாக விழுவது போலத் தெரியும். 100 ஆட்டத்துக்கு 16, 17 இரட்டை இப்படிக் காணாமல் போகும். இரண்டாவது, சில கோப்புகளில் பெரிய எண்ணை எப்போதும் முதலில் எழுதுகிறார்கள். அப்போது முதல் நெடுவரிசையில் ஆறு 36-ல் 11 தரமும் ஒன்று 36-ல் ஒரு தரமும் வரும். அதை மட்டும் தனியே எண்ணிவிட்டு “ஆறு கொட்டுகிறது” என்று அறிவித்தவர்கள் உண்டு. இரண்டு நெடுவரிசையையும் சேர்த்தே எண்ணுங்கள்.

முதல் கணக்கு: முகமும் இரட்டையும்

600 உருட்டல், அதாவது 1,200 முகங்கள் சேர்ந்தன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 200 வர வேண்டும். வந்தது: ஒன்று 188, இரண்டு 207, மூன்று 195, நான்கு 214, ஐந்து 182, ஆறு 214. பார்த்தால் ஐந்து பாவமாகத் தெரிகிறது. ஆறுக்கும் அதற்கும் 32 வித்தியாசம். இப்போது ஒவ்வொன்றிலும் 200-ஐக் கழித்து, வந்ததை வர்க்கமாக்கி, கூட்டி, 200-ஆல் வகுங்கள். 144, 49, 25, 196, 324, 196, கூட்டினால் 934, வகுத்தால் 4.67. பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியலில் வரும் கை-வர்க்கச் சோதனைதான் இது. ஆறு முகத்துக்கு இந்த மதிப்பு 11.07-ஐத் தாண்டுவது நல்ல பகடையிலும் 20 முறைக்கு ஒரு முறை நடக்கும், 20.52-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒன்று. 4.67 மிகச் சாதாரணம். ஐந்துக்கு எந்த அநியாயமும் நடக்கவில்லை.

இரட்டைக்கு: மொத்த உருட்டலை 6-ஆல் வகுத்தால் எதிர்பார்ப்பு. மொத்தத்தை 5-ஆல் பெருக்கி, 36-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம். எதிர்பார்ப்பின் இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டவிலக்கம் வரை இயல்பு. 100 உருட்டலில் 10 முதல் 24 வரை இரட்டை வரலாம். 600-ல் 82 முதல் 118. 3,600-ல் 556 முதல் 644. சிறிய எண்ணிக்கையில் இந்த வீச்சு எவ்வளவு அகலம் என்று கவனியுங்கள். ஒரு தளம் இரட்டையை 16.67-க்குப் பதில் 18 விழுக்காடு விழவைத்தால், அதை நம்பகமாகப் பிடிக்க சுமார் 6,000 உருட்டல் வேண்டும். ஐம்பது உருட்டலைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

ஓர் உருட்டல் அடுத்ததைப் பாதிக்கிறதா என்பதையும் இதே தாளில் பார்க்கலாம். இரட்டை விழுந்த வரிகளுக்கு அடுத்த வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றிலும் ஆறில் ஒன்று இரட்டையாக இருக்க வேண்டும். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகக் கிளைத்துக்கொண்டே போகாதீர்கள். 20 வெவ்வேறு சோதனை செய்தால் சராசரியாக ஒன்று, 20-ல் ஒன்று என்ற எல்லையைத் தாண்டும். இரண்டோ மூன்றோ போதும், அவையும் முன்பே எழுதி வைத்தவையாக இருக்கட்டும்.

இரண்டாவது கணக்கு: அதிர்ஷ்டத்தைக் கூட்டிப் பாருங்கள்

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இடம் பார்த்துப் பகடை விழுகிறதா என்பதற்கு, இதைவிட நல்ல சோதனை இல்லை. குனு பேக்கேமன் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். மேட் கோப்பைத் திறந்து, “அனலைஸ்” பட்டியலில் முழுப் பந்தயத்தையும் ஆராயச் சொல்லுங்கள். முடிந்ததும் வரும் புள்ளிவிவரத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மொத்த அதிர்ஷ்டம் ஒரு எண்ணாக இருக்கும். பணம் கொடுத்து வாங்கும் எக்ஸ்ட்ரீம் கேமனிலும் இது உண்டு.

அந்த எண் வரும் வழி இதுதான். பகடை உருட்டுவதற்கு முன், சாத்தியமான எல்லா உருட்டலையும் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் சிறப்பாக ஆடினால் நிலையின் மதிப்பு என்ன என்று கணித்து, சராசரி எடுக்கிறது. பிறகு உண்மையில் விழுந்த உருட்டலின் மதிப்பிலிருந்து அந்தச் சராசரியைக் கழிக்கிறது. அந்த நேரத்துக்குத் தேவையான உருட்டல் விழுந்தால் கூடுதல். உதவாதது விழுந்தால் கழித்தல். தேவையான இடத்தில் பார்த்துப் போடும் பகடை இங்கே மறைய முடியாது. முகங்கள் எவ்வளவு சமமாக இருந்தாலும் ஒருவர் பக்கம் கூடுதல் குவியும்.

இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், மென்பொருளின் மதிப்பீடு தவறாக இருந்தாலும் சோதனை கெடாது. ஒரே அளவுகோலால்தான் விழுந்ததையும் சராசரியையும் அளக்கிறது; பகடை நியாயமாக இருந்தால் வித்தியாசத்தின் எதிர்பார்ப்பு எப்போதும் பூஜ்யம்தான். நீங்கள் மோசமாக ஆடுபவர் என்பதும் குறுக்கே வராது, ஏனென்றால் தவறான நகர்வின் நட்டம் தனிக் கணக்கில் போகிறது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உங்கள் அதிர்ஷ்டத்திலிருந்து எதிராளியின் அதிர்ஷ்டத்தைக் கழித்து ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். 100 ஆட்டம் சேர்ந்ததும் சராசரியும் திட்டவிலக்கமும் எடுங்கள். சராசரி −0.15, திட்டவிலக்கம் 1.2 என்று வந்ததாக வைப்போம். 1.2-ஐ 100-இன் வர்க்கமூலமான 10-ஆல் வகுத்தால் 0.12. −0.15-ஐ 0.12-ஆல் வகுத்தால் −1.25. இந்தக் கடைசி எண் −2-க்கும் 2-க்கும் இடையில் இருந்தால் சொல்வதற்கு எதுவுமில்லை. 3-ஐத் தாண்டினால் நிமிர்ந்து உட்காரலாம். கணினி எதிராளியோடு ஆடியதையும் மனிதரோடு ஆடியதையும் தனித்தனித் தாளில் வையுங்கள். செயலியின் கணினி எதிராளிக்குச் சாதகம் செய்கிறார்கள் என்பது உங்கள் சந்தேகமானால், இரண்டையும் கலந்தால் அது கரைந்துபோகும்.

3-ஐத் தாண்டிவிட்டது என்றால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். கோப்பில் ஆட்டங்கள் விடுபட்டுள்ளனவா என்று பாருங்கள். தோற்ற ஆட்டத்தை மட்டும் கோபத்தில் இறக்கிச் சேமித்திருந்தால் கணக்கு சாய்ந்துதான் இருக்கும், இந்தப் பிழை மிக அடிக்கடி நடப்பது. எல்லாம் சரியென்றால் புதிதாக இன்னொரு 100 ஆட்டம் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள். இரண்டாம் முறையும் அதே பக்கம் 3-ஐத் தாண்டினால், கோப்புகளோடு தளத்தாரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பணம் போட்டிருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரு தளத்துக்குப் பகடையில் கை வைக்க என்ன லாபம் என்றும் யோசிப்பது நல்லது. இரண்டு மனிதர்கள் ஆட, யார் வென்றாலும் அதே கமிஷன் எடுக்கும் தளத்துக்குப் பகடையால் ஆக வேண்டியது எதுவுமில்லை. தளமே எதிராளியாக நின்று உங்கள் பணத்தையோ, விலைக்கு விற்ற நாணயங்களையோ வெல்லும் இடத்தில் எச்சரிக்கை வேண்டும். மனிதர்களுக்கு இடையே நடக்கும் ஏமாற்று பெரும்பாலும் வேறு வகை: பக்கத்தில் ஒரு மென்பொருளைத் திறந்து வைத்து, அது சொல்லும் நகர்வை ஆடுவது. அதே ஆராய்ச்சிப் பக்கத்தில் எதிராளியின் தவறுகளின் அளவு ஆட்டத்துக்கு ஆட்டம் கிட்டத்தட்ட பூஜ்யமாகவே நின்றால் அங்கே கவனம் வையுங்கள். பகடை அப்போது நிரபராதி.

உங்கள் கணினியில் ஆடும் மென்பொருளானால்

இது சுலபம். குனு பேக்கேமன் திறந்த மூலம், பகடைப் பகுதியின் நிரலை யாரும் படிக்கலாம். படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு வழி உண்டு. அமைப்புகளில் பகடைப் பகுதிக்குப் போய்க் கையால் இடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு உங்கள் மேசையில் உண்மைப் பகடையை உருட்டி, இருவருக்கும் நீங்களே எண்ணைக் கொடுங்கள். முப்பது ஆட்டம் இப்படி ஆடிப் பார்த்தால், கணினி அப்போதும் அதே மாதிரி வெல்வது தெரியும். மற்றொன்று, விதை எண்ணை நீங்களே கொடுத்து ஓர் ஆட்டம் ஆடி, உருட்டல்களை எழுதி வைத்து, அதே விதையோடு மறுபடி தொடங்கி வேறு நகர்வுகளை ஆடுவது. காய்கள் வேறு இடத்தில் இருந்தும் பகடை அதே வரிசையில் விழுந்தால், அது பலகையைப் பார்க்கவில்லை என்பது உறுதி.

முன்பே பூட்டி வைத்த பகடை

சில தளங்கள் ஆட்டம் தொடங்கும் முன் 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியைக் காட்டும். இது ஷா-256 என்ற ஹேஷ், அதாவது எந்த உரையையும் ஒரே நீளமுள்ள குறியாக மாற்றும் ஒருவழிக் கணக்கின் விடை. சேவையகம் தன் ரகசிய விதையை எழுதி, அதை ஹேஷ் ஆக்கி உங்களிடம் கொடுத்துவிடுகிறது. குறியிலிருந்து விதையைக் கண்டுபிடிக்க முடியாது. விதையில் ஓர் எழுத்து மாறினாலும் குறி முழுவதும் மாறிவிடும். ஆட்டம் முடிந்ததும் விதையை வெளியிடுவார்கள். நீங்கள் அதை ஹேஷ் ஆக்கி, முதலில் தந்த குறியோடு ஒப்பிட வேண்டும். தொடக்கக் குறியை ஆட்டத்துக்கு முன்பே நகலெடுத்து வைத்தால்தான் இதற்கு மதிப்பு. பொருந்தவில்லை என்று பதறுவதற்கு முன், உரைக்கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரியோ இடைவெளியோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தரம் காரணம் அதுதான்.

இந்தப் பூட்டு நிரூபிப்பது, நடுவில் பகடையை மாற்றவில்லை என்பதை மட்டுமே. தளம் ஆயிரம் விதைகளைப் போட்டுப் பார்த்து, தனக்குப் பிடித்த ஒன்றை முன்பே தேர்ந்தெடுத்திருக்கலாம். அதனால் குறியைப் பார்த்த பிறகு ஆட்டக்காரரும் தன் பங்குக்குச் சில எழுத்துகளைச் சேர்க்க இடம் இருக்க வேண்டும். இரண்டும் கலந்து, உருட்டல் எண்ணோடு சேர்ந்து பகடையாக மாற வேண்டும். உங்கள் எழுத்துகளைக் கேட்காத தளத்தின் பூட்டு அரைப் பூட்டு.

தளமே வேண்டாம், தொலைவில் உள்ள நண்பரோடு செய்தி வழியாக ஆடப்போகிறீர்கள் என்றால் இதே தந்திரத்தை இருவருக்குள் செய்துகொள்ளலாம். ஒருவர் 0 முதல் 35-க்குள் ஓர் எண்ணை நினைத்து, அதோடு இருபது தாறுமாறான எழுத்துகளைச் சேர்த்து ஹேஷ் ஆக்கி அனுப்புகிறார். மற்றவர் தன் எண்ணை வெளிப்படையாக அனுப்புகிறார். பிறகு முதலாமவர் தன் எண்ணையும் எழுத்துகளையும் வெளியிட, இவர் ஹேஷைச் சரிபார்க்கிறார். எண்கள் 29, 17 என்றால் கூட்டினால் 46. 35-ஐத் தாண்டியதால் 36-ஐக் கழித்தால் 10. அதை ஆறால் வகுத்தால் ஈவு 1, மீதி 4. இரண்டிலும் ஒன்றைக் கூட்டினால் பகடை இரண்டும் ஐந்தும். இருவரில் ஒருவர் நேர்மையாகத் தற்செயல் எண்ணை எடுத்தாலே 36 சேர்க்கையும் சம வாய்ப்புடன் விழும். அந்த இருபது எழுத்துகளை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு உருட்டலுக்கும் புதிதாக மாற்றவும் செய்யுங்கள். அவை இல்லாவிட்டால் 36 எண்களையும் ஹேஷ் ஆக்கிப் பார்த்து, உங்கள் எண் எது என்று நண்பர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.